நாய்க்குப் பக்க எண் கேட்டேன்

மூன்று வருடங்களுக்கு முன், காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடையில் நடந்தது இது. எனக்குச் சிறு வயதிலிருந்தே காமிக்ஸ் பைத்தியம். பழைய புத்தகங்களுக்கு பிளாஸ்டிக் உறை போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். என் மனைவியின் பட்டுப்புடவைகளுக்குக்கூட அந்த மரியாதை கிடையாது.

அப்போது ஒருவர் வலைப்பூவில் வாராவாரம் பழைய காமிக்ஸ் கதைகளைக் கிண்டலடித்து எழுதிவந்தார். பெயர் போடமாட்டார். எழுத்தில் நல்ல குறும்பு இருந்தது, ஆனால் விவரமெல்லாம் தப்பு. வில்லன் தப்பி ஓடும் அவசரத்திலும் டீ குடித்துவிட்டுத்தான் ஓடுவான் என்று எழுதுவார். உடனே நான் பதிவுக்குக் கீழே பின்னூட்டத்தில், 'பக்கம் 31இல் அவன் குடிப்பது பழச்சாறு' என்று போடுவேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போக, நான் மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிப்பேன்.

ஒரு வாரம் இப்படி எழுதியிருந்தார்: துப்பறிவாளர் நாற்பது பக்கம் தலையைச் சொறிகிறார். அவருடைய நாயோ இரண்டாம் பக்கத்திலேயே திருடனைக் கண்டுபிடித்து அவன் மடியில் படுத்துத் தூங்குகிறது. பதக்கம் மட்டும் துப்பறிவாளருக்கு.

அந்தத் தொடரில் நாயே கிடையாது. எனக்குப் பொறுக்கவில்லை. 'நாய் எந்தப் பக்கத்தில் வருகிறது? புத்தகத்தைத் திறந்து பார்க்காதவர்கள் தயவுசெய்து எழுத வேண்டாம்' என்று போட்டேன்.

அடுத்த வாரம் பதிவு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. பிறகு, ஊரும் முகவரியும் போட்டிருந்த என் கணக்கைப் பார்த்து அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. 'நானும் காஞ்சிபுரம்தான். அந்தப் புத்தகத்தைப் பார்க்க முடியுமா?' ஜெயித்துவிட்ட மிதப்பில் கடைக்கு வரச்சொன்னேன். ஏழு தவறுகளுக்கு ஏழு பக்கங்களில் சீட்டு செருகித் தயாராக இருந்தேன்.

வந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். சீட்டுகளை அவர் கவனிக்கவே இல்லை. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

"எத்தனை வாட்டி பார்த்தாலும் நாய் கிடையாதும்மா" என்றேன், கொஞ்சம் திமிராகவே.

"அப்போ எங்க அண்ணன்தான் சேர்த்துக்கிச்சு போல" என்றார்.

அவர்கள் வீட்டில் பட்டுத்தறி இருந்ததாம். கரையை வேறு நிறத்தில் கோர்க்கும் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். அண்ணன் சேலையின் உடல் பகுதியை நெய்ய, பள்ளி விட்டு வந்து ஓரத்தில் உட்கார்ந்து கரைக்கான நூல் ஓடும் நாடாக்கட்டையைத் தள்ளுவது இவர் வேலையாம்.

"ரெண்டு கையும் வேலையில இருக்கும், புக்கு எங்க புடிக்கிறது? அண்ணன் லைப்ரரில படிச்சிட்டு வந்து நெய்துக்கினே சொல்லும். நான் தூங்கி வழிஞ்சா உடனே ஒரு நாயைக் கொண்டாந்துடும். அண்ணன் தவறிப் போயி ரெண்டு வருஷமாவுது சார். எல்லாம் மறந்துடப் போறேன்னுதான் எழுதிக்கினு இருந்தேன்."

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கதையில கடைசியா நாய் என்னாச்சுன்னு எனக்கு ஞாபகம் வரல. நீங்க இல்லன்னு சொன்னப்பகூட, புக்குல எங்கயாவது ஒரு மூலையில இருக்கும்னு நெனச்சு வந்தேன்."

வேறொன்றும் தோன்றாமல், வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகப் படிக்கச் சொல்லிப் புத்தகத்தை நீட்டினேன்.

"வேணாம் சார். இது வேற கதையா இருக்குது" என்று சொல்லி, உறைக்குள் பத்திரமாகப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஏழு சீட்டுகளையும் உருவிக் குப்பையில் போட்டேன். மன்னிப்புக் கேட்டு, எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள் என்று அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. ஒரு மாதம் நான் பட்ட அவஸ்தை எனக்குத்தான் தெரியும்.

பிறகு ஒருநாள் புதிய பதிவு வந்தது. அதிலும் நாய் இருந்தது. பக்க எண் எதுவும் போடாமல், 'நாய்க்கு என்ன பெயர்?' என்று மட்டும் கேட்டேன். நாலு பத்திக்குப் பதில் எழுதினார். அத்தனை மாதங்களாக அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் திருத்திக்கொண்டே இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இன்றைக்கும் யார் எழுத்திலாவது தப்பு கண்ணில் பட்டால், அந்த வெட்கம்தான் முதலில் வந்து என் கையைப் பிடிக்கிறது.