மாமாவின் ஈயக் குண்டு

செத்துப்போன ஒரு சண்டையைக் காட்டிப் பிழைப்பதுதான் அப்பாவின் தொழில். எங்கள் தீவின் மஹேபூர் கடலில் 1810இல் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் கப்பலில் நின்று அடித்துக்கொண்ட இடத்தை, கியூர்பிப் நகரிலிருந்து வரும் துரைமார்களுக்குக் கரையில் நின்று காட்டுவார். எந்தக் கப்பல் எங்கே தரைதட்டியது, எந்தத் தளபதிக்கு எங்கே அடிபட்டது என்று உருகி உருகிச் சொல்வார். எங்கிருந்தோ வந்து நம் கடலில் மோதிக்கொண்டவர்களுக்காக இவர் ஏன் உருக வேண்டும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு வீட்டுக்கு அழைத்து வருவார். மீனவர் வலையில் சிக்கிய செப்பு ஆணி, பச்சைப் புட்டியின் அடிப்பாகம், சட்டைப் பொத்தான் எல்லாம் ஒரு பித்தளைத் தட்டில் இருக்கும். குண்டு மட்டும் கிடையாது. துரைமார்கள் முதலில் கேட்பதே அதைத்தான். ஒருநாள் அப்பா, சாமி அலமாரியில் அம்மா வைத்திருந்த ஈயக் குண்டை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டார்.

அது என் மாமாவைக் கொன்ற குண்டு. அம்மாவின் ஒரே தம்பி. கூலி போதவில்லை என்று சொல்ல சர்க்கரை ஆலை வாசலுக்குப் போன கரும்பு வெட்டிகளோடு அவரும் நின்றார். தோட்டத்து ஆட்கள் மான் வேட்டைத் துப்பாக்கியால் சுட்டார்கள். உடலைக் குளிப்பாட்டும்போது அவர் சட்டைக்குள்ளிருந்து அது விழுந்தது. மாமாவுக்குப் படம் கிடையாது. "அவனைக் கடைசியா தொட்டது இதுதான்" என்பாள் அம்மா. திவசத்தன்று அதைத் தட்டிலிருந்து எடுத்துப் பாலில் கழுவி, மஞ்சள் பூசி, ஏழு கறி பரிமாறிய வாழையிலைக்கு முன்னால் வைத்துப் படைப்பாள். மறுநாள் அது மறுபடியும் தட்டுக்குப் போய்விடும்.

"கடல்ல கிடைச்ச பிரெஞ்சுக் குண்டு, மிஸ்யே" என்று அப்பா துரையிடம் கூசாமல் சொல்வார்.

அம்மா கேட்டால் எரிந்து விழுவார். "தோட்டத்து மிஸ்யேதான் ஆள் கூட்டிட்டு வரார். உங்க ஆளு சுட்டதுன்னு அவர்கிட்டயே சொல்லவா?"

சுதந்திரக் கொடி ஏறிய ஆண்டு, ஊரில் சரித்திரக் கண்காட்சி வைத்தார்கள். அப்பா பெருமையோடு தட்டை அப்படியே தூக்கிக் கொடுத்தார். கண்காட்சி முடிந்து எல்லாம் தலைநகர் போர்ட் லூயியின் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது என்று பிறகுதான் தெரிந்தது. திவசம் நெருங்கியதும் அப்பாவை இழுத்துக்கொண்டு நான் அங்கே போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் மாமாவின் குண்டு இருந்தது. பிரெஞ்சு வீரர்களின் வீரத்துக்குச் சாட்சி என்று கீழே அட்டை.

இது 1810இல் சுட்டதல்ல, என் மாமாவைச் சுட்டது என்றேன். அதிகாரி அப்பாவைப் பார்த்தார்.

"மிஸ்யே, கடலில் கிடைத்தது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

அப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அங்கேயாவது வாயைத் திறந்திருக்கலாம். சுட்டவர்கள் ஒரு முறைதான் கொன்றார்கள். இவரோ, பார்க்க ஆள் வரும்போதெல்லாம் கொன்றார்.

திவசத்தன்று அம்மா இலை போட்டாள். ஏழு கறியும் வைத்தாள். இலைக்கு முன்னால் ஒன்றும் இல்லை. சூடம் ஏற்றாமல் இலையை அப்படியே மடித்து அப்பாவின் கையில் கொடுத்தாள்.

"எடுத்துட்டுப் போங்க. அந்தக் கண்ணாடிக்குப் படைச்சிட்டு வாங்க."

அப்பா இலையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். ரசம் வழிந்து அவர் சட்டை நனைந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை.