தாய்மாமன் மடியும் அமெரிக்கத் தேர்தலும்

அமெரிக்காவில் யார் ஜனாதிபதியானால் என் மகளுக்குக் காது குத்தலாம் என்று நான் ஒரு பட்டியல் போட்டேன். சிரிக்காதீர்கள். விஷயத்தைக் கேட்டால் நீங்களும் போட்டிருப்பீர்கள்.

எங்கள் பக்கத்தில் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். வயதும் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். ஒன்று, விட்டால் மூன்று, அதையும் விட்டால் ஐந்து. எனக்கு இருப்பது ஒரே தம்பி. அவனோ கடல் தாண்டி ஒரு சண்டை நாட்டில், அமெரிக்கப் பட்டாளத்தின் முகாமில் சமையல் வேலையில் இருந்தான். பட்டாளம் இருக்கும்வரை வேலை. நடுவில் கிளம்பினால் மறுபடி எடுக்க மாட்டார்கள். மகளுக்கு ஒரு வயதானபோது அவனால் வர முடியவில்லை. இப்போது மூன்று முடிந்திருந்தது. அடுத்த ஐப்பசி வந்தால் நாலு.

காதுகுத்து என்பது நான் ஊருக்குச் சொன்ன காரணம். போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் சைரன் அலறும். "ஒண்ணுமில்லக்கா, பெறகு கூப்புடுறேன்" என்று வைத்துவிடுவான். அந்தப் 'பிறகு' சில சமயம் பத்து நிமிஷம், சில சமயம் இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்காது. அவன் உயிரோடு வீடு வந்து சேர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்கு டைப்பிங் வேலை. கல்யாணப் பத்திரிகை, மனு, ஜாதகப் பொருத்தம் எல்லாம் அச்சடித்துக் கொடுப்போம். பத்துப் பொருத்தத்துக்கான படிவம் கம்ப்யூட்டரில் தயாராக இருந்தது. ஆண், பெண் என்று இருந்த இடத்தில் நீல டை, சிவப்பு டை என்று மாற்றினேன். போட்டியிட்ட இரண்டு பேரும் எங்கள் வீட்டில் அந்தப் பெயரில்தான் புழங்கினார்கள்.

தினப் பொருத்தம்: எந்த நாளில் பட்டாளத்தைத் திருப்பி அழைப்பார்? நீல டை, 'நான் வந்தால் ஒரே வருஷத்தில் எல்லோரும் வீட்டுக்கு' என்றார். சிவப்பு டை, 'வேலை முடிந்தால் வருவார்கள், தேதி சொன்னால் எதிரி அதுவரை பதுங்கியிருப்பான்' என்றார். கணப் பொருத்தம்: நீல டை நிதானமாகப் பேசினார், சிவப்பு டை மேசையைத் தட்டினார். ராசிப் பொருத்தம்: நீல டையின் கட்சியிலேயே பாதிப் பேர் 'இது அவசரம்' என்றார்கள், அரை மதிப்பெண் குறைத்தேன். ஆயுளைப் பார்க்கும் ரஜ்ஜுவில்தான் மாட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் சோல்ஜர்களைப் பற்றி மூச்சு வாங்கப் பேசினார்களே தவிர, சமையல்காரனைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ரஜ்ஜு தட்டினால் சம்பந்தமே வேண்டாம் என்பார்கள். நான் இரண்டு பேருக்கும் 'மத்திமம்' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். காரியம் ஆக வேண்டுமே.

என் வீட்டுக்காரர் விசைத்தறி மெக்கானிக். என்னைச் சீண்டுவதற்கென்றே சிவப்பு டை பக்கம் சேர்ந்துகொண்டார்.

"ஏ புள்ள, நாளைக்கு நிக்கப்போறேன்னு சொல்லிக்கிட்டே இருக்குறவன் தறியை விட்டு நிக்கவே மாட்டான். சொல்லாம நிப்பான் பாரு, அவன்தான் நெசமா நிப்பான்."

"உங்க மச்சினன் சண்டைக்குள்ள கெடக்கான், உங்களுக்குத் தறி உதாரணமா வருதாக்கும்?"

அன்றைக்கு அவர் தட்டில் விழுந்த குழம்பில் உப்பு இல்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னேன். பொய்.

திருச்சுழி தாண்டிக் கருவேலங்காட்டுக்குள் இருக்கிறது எங்கள் குலசாமி கோயில். பட்டியலை ஒரு பிரிண்ட் எடுத்துப் போய் சாமி காலடியில் வைத்து, நீல டைக்கு இருபத்தோரு தேங்காய் நேர்ந்துகொண்டேன். பூசாரி தாளைப் புரட்டிப் பார்த்து, "மாப்பிள்ளை வீடு எந்த ஊரு தாயி?" என்று கேட்டார்.

நீல டை ஜெயித்தார்! கடையில் நான் போட்ட சத்தத்தில், ரேஷன் கார்டு நகல் எடுக்க வந்தவர் கார்டை மிஷினிலேயே விட்டுவிட்டு வெளியே ஓடினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மார்கழி பிறந்தால் நல்ல காரியம் கிடையாது என்பதால், கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்தைக் குறித்து, அன்று மாலையே நானே டைப் செய்து முந்நூறு பத்திரிகை அடித்தேன். தாய்மாமன் என்ற எழுத்தைத் தங்க நிறத்தில் போட்டேன். பாளையம்பட்டியிலிருந்து காரியாபட்டிவரை பாதிக்கு மேல் கொடுத்தாகிவிட்டது.

தப்பு என் மேல்தான் என்று இன்றுவரை நான் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் பஞ்சாயத்துத் தலைவருக்கு ஜெயித்தவர், எண்ணி முடித்த கையோடு மாலையும் வெடியுமாக ஜீப்பில் வருவார். அதே வாரம் நாற்காலியில் உட்கார்ந்து தெருவிளக்குப் போட ஆரம்பித்துவிடுவார். அமெரிக்கா பெரிய ஊர், ஒரு வாரம் கூடுதலாக ஆகும் என்று கணக்குப் போட்டேன்.

தம்பி போனில் விழுந்து விழுந்து சிரித்தான்.

"யக்கா, ஜெயிச்சவரு தை மாசந்தான் சேர்லயே உக்காருவாரு. அதுக்குப் பெறகுதான் ஒரு வருசம். கல்யாண வீட்டுல சமையக்காரன் என்னைக்காச்சும் மொதப் பந்தியோட கெளம்பிருக்கானா? கடைசி சோல்ஜர் சாப்புட்டு ஏப்பம் விட்டாத்தான் நாங்க அண்டாவைக் கழுவணும்."

"அப்ப பத்திரிகை?"

"பத்திரமா வச்சிரு. தேதியை மட்டும் அடிச்சுட்டு மாத்திக்கலாம்."

கொடுத்த வீடெல்லாம் திரும்பவும் ஏறி இறங்கி, தேதி பிறகு என்று சொன்னேன். அதற்குப் பிறகு நான் ஏறும் டவுன் பஸ்ஸின் கண்டக்டர்கூட, "என்னக்கா, அமெரிக்காக்காரன் கெளம்பிட்டானா?" என்று கேட்டுத்தான் டிக்கெட் கிழித்தார். நீல டையை நான் வைத வசவெல்லாம் இங்கே எழுத முடியாது. தை போனது, பங்குனி போனது. இரண்டு முறை சைரன் கேட்டது. இரண்டாவது முறை மூன்று நாள் போன் இல்லை. அந்த மூன்று நாளும் வீட்டுக்காரர் என்னைச் சீண்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஆடிக் கடைசியில் அவன் இருந்த முகாமை முதலில் மூடினார்கள். நாற்காலியில் உட்கார்ந்த ஏழு மாதத்திலேயே! மதுரை ஏர்போர்ட்டில் கறுத்து மெலிந்து வெளியே வந்தவனை எல்லோர் முன்னாலும் முதுகில் நாலு சாத்துச் சாத்தினேன். பிறகு கட்டிக்கொண்டு அழுதேன். நீல டைக்கு நேர்ந்த இருபத்தோரு தேங்காய் நூற்றியெட்டானது.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் குலசாமி கோயிலில் மேளம் முழங்க, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மகள் தாய்மாமன் மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் மாமன் கையைக் கடித்துவிட்டாள். "சண்டைக்குள்ள இருந்து கீறல் இல்லாம வந்த மனுசனை இவ காயப்படுத்திட்டாளே!" என்று வீட்டுக்காரர் கத்த, கோயிலே சிரித்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அந்தச் சிரிப்புக்குள் தம்பியின் போன் அடித்தது. வீடியோவில் தாடி வைத்த ஒரு மனிதர். முகாமில் அவனோடு அண்டா கழுவியவராம், இன்னும் அங்கேதான் இருக்கிறாராம். தம்பி போனைத் திருப்பிப் பிள்ளையின் காதைக் காட்டினான். அவர் இரண்டு கையையும் தூக்கி ஏதோ வாழ்த்தினார். அவர் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண் எட்டிப் பார்த்தாள். என் மகள் வயதுதான் இருக்கும், அவள் காதில் தோடு மின்னியது. நானும் வாயெல்லாம் பல்லாகக் கையாட்டினேன். போனை வைத்ததும் தம்பியிடம் கேட்டேன்.

"பட்டாளந்தான் கெளம்பிருச்சே, இவுக எப்ப ஊருக்குப் போறாகளாம்?"

தம்பி கடிபட்ட கையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தான்.

"அவுகளுக்கு அதான்க்கா ஊரு."