ஆமென் வரை நின்ற ஏட்டு

எண்பதுகளின் கடைசியில் நான் ராஜபாளையத்தில் மில் வேலை பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் சிறிய கிறிஸ்தவ சபைக்கு நான்தான் செயலாளர். அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு மைக் செட் கட்ட போலீஸ் ஸ்டேஷனில் அனுமதி வாங்குவது என் பொறுப்பு. அந்த வருடம் ஷிப்டை விட்டுப் போகச் சோம்பல். போதகர் கேட்டபோது, “வாங்கிட்டேன் ஐயா” என்றேன்.

பண்டிகை ஆராதனையின் நடுவே ஒரு போலீஸ் ஏட்டு வாசலுக்கு வந்தார். போதகர் வழக்கம்போல அதிகாரிகளுக்காகவும் போலீசாருக்காகவும் ஜெபித்துக்கொண்டிருந்தார். மேலே கட்டிய குழாய் ஸ்பீக்கரில் அது தெரு முழுக்கக் கேட்டது. ஏட்டு தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஆமென் வரை அசையாமல் நின்றார். பிறகு உள்ளே வந்து அனுமதிச் சீட்டைக் கேட்டார்.

போதகர் என்னைப் பார்த்தார்.

“வாங்கலை ஐயா. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்.”

ஏட்டு தணிந்த குரலில், “எங்களுக்காண்டியும் ஜெபம் பண்ணுறீங்க, கேட்டேன். ஆனா செட்டை எடுத்துட்டுத்தான் போகணும்” என்றார்.

போதகர் தானே ஒயரைப் பிடுங்கி, ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக் கொடுத்தார். அன்று வெறும் தொண்டையில் பிரசங்கம் செய்தார். என்னை ஒரு வார்த்தைகூடக் கண்டிக்கவில்லை.

இன்றும் அதிகாரிகளுக்கான ஜெபம் தொடங்கினால் எல்லோரும் கண்ணை மூடுகிறார்கள். நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.