ஒரு படி கூடிய நீலம்

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, மாலை ஆறரைக்கு எஞ்சினின் மேல்கூட்டைக் கழற்றினேன் என்று என் குறிப்பேடு சொல்கிறது. எஞ்சின் என்றால் ஒரு சாண் நீளம். மின்சார சரக்கு எஞ்சினைப் பார்த்துச் செய்த சிறு மாதிரி. அதைக் கொடுத்தவன் என் மனைவியின் தம்பி. ஜோலார்பேட்டையில் சரக்கு வண்டி ஓட்டுகிறான். கடையில் வாங்கியபோது அது சிவப்பாக இருந்தது. அவன் முதன்முதலாகப் பொறுப்பேற்று ஓட்டிய எஞ்சினோ நீலம். அந்த நீலமே வேண்டும் என்று, ஷெட்டில் பழைய பெயிண்டைச் சுரண்டியபோது விழுந்த நகக்கண் அளவுச் செதில் ஒன்றைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துத் தந்திருந்தான்.

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் ஃபினிஷிங் பிரிவில் நிறம் கலப்பது என் வேலை. வாடிக்கையாளர் அனுப்பும் துண்டைப் பார்த்து அதே ஷேடை எடுக்க வேண்டும். அதனால் என்னைத் தேடி வந்தான்.

மோட்டாரையும் சக்கரங்களையும் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினேன். கூட்டை ஸ்பிரிட்டில் ஊறவிட்டேன். தின்னர் பட்டால் பிளாஸ்டிக் இளகிவிடும். செவ்வாய் மாலை பழைய டூத்பிரஷ்ஷால் தேய்க்க, சிவப்பு சுருள் சுருளாக உரிந்தது. ஜன்னல் மூலைகளுக்குப் பல்குச்சி. புதன்கிழமை சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தேன். வியாழன் சாம்பல் நிற பிரைமர். வெள்ளியன்று விடுப்பு எடுத்தேன். டியூப்லைட்டில் ஷேடு பார்ப்பவனை எங்கள் தொழிலில் யாரும் நம்ப மாட்டார்கள். வடக்குப் பார்த்த வாசலில், காலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

அங்கே உட்கார்ந்துதான் தப்புச் செய்தேன். தோல் நிறத்தைக் குடிக்கும், காய்ந்ததும் வெளுக்கும். அதற்காக எப்போதும் ஒரு படி தூக்கலாகக் கலப்போம். சாயங்களின் வரலாற்றைப் பற்றி அலமாரி நிறையப் படித்திருக்கிறேன். பிளாஸ்டிக் எதையும் குடிக்காது என்பது மட்டும் அன்று கைக்கு நினைவில்லை; பழக்கத்தில் ஒரு படி தூக்கலாகவே கலந்து அடித்துவிட்டேன். சனிக்கிழமை காய்ந்த எஞ்சின் செதிலைவிடத் தெளிவாக ஒரு படி அடர்த்தியாக நின்றது. மறுபடி உரிக்க வேண்டியதுதான் என்று எழுதிவைத்தேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து அவன் வந்தான். மாலை நான்கு மணிக்கு அவனுக்கு டூட்டி. நான் மன்னிப்புக் கேட்பதற்குள் செதிலை எடுத்து எஞ்சின் கூரைமேல் வைத்தான்.

"சூப்பர் மாமா. வெச்ச எடமே தெர்ல."

டீயோடு வந்த என் மனைவி வாசலிலேயே நின்றாள். அவள் வேலூரில் நர்ஸ்.

"இன்னாடா வெளையாட்றியா? ரெண்டும் வேற வேறயா கீது."

"உனுக்கு இன்னாக்கா தெரியும், ரெண்டும் ஒண்ணுதான்."

அவன் கேலி செய்யவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வெள்ளியன்று அட்டைகளில் அடித்துப் பார்த்த ஐந்து நீலங்களை எடுத்து வந்தேன். வெளுப்பிலிருந்து அடர்த்தி வரை வரிசையாக வைக்கச் சொன்னேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை நாங்கள் இப்படித்தான் சோதிப்போம். வெகுநேரம் எடுத்துக்கொண்டான்.

"தப்பா மாமா?"

"ரெண்டு எடம் மாறியிருக்கு."

"சிக்னல்லாம் நல்லாத் தெரியுது. இது வெறும் நீலம்."

"எதிர் வண்டி லைட்டு எப்டித் தெரியுது?" என்றாள் அவன் அக்கா.

"கொஞ்சம் பூவா விரியும். எல்லாருக்கும் அப்டித்தான்."

"எல்லாருக்கும் அப்டி இல்லடா. கண்ணுல புரை விழ ஆரம்பிச்சிருந்தாலும் இருக்கலாம். நாளைக்கே வந்து காட்டு."

அவன் டீயைத் தொடவில்லை. "ஜனவரில மெடிக்கல் வருது. அதுல பாத்துப்பாங்க."

"அதுவரைக்கும் வண்டி ஓட்டுவியா?" என்று கேட்டேன்.

"காட்னா எறக்கிடுவாங்க மாமா. ஆபீஸ்ல ஃபைல் தூக்கினு உக்காரணும். திரும்ப ஏத்துவாங்களா, யாருக்குத் தெரியும்?"

ஏற்றுவார்கள் என்று சொல்ல எனக்கு ஆசை. தெரியாததைச் சொல்லிப் பழக்கமில்லை. அவன் அட்டைகளைக் கலைத்து மறுபடி அடுக்கினான். இம்முறையும் அதே இரண்டு இடம் மாறின. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான்.

பதினொன்றே முக்காலுக்குத் தெருவில் இறங்கி நின்று, டூட்டி போடும் அலுவலகத்துக்குப் போன் செய்தான். "சார், இன்னிக்கி என்னை சிக் லீவுல போட்ருங்க. கண்ணு. ஆமா சார், கண்ணுதான். நாளைக்கி காட்டப் போறேன்." எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். "தெர்ல சார்," என்றான்.

உள்ளே வந்து, டூட்டிக்கென்று அவன் வீட்டில் கட்டிக் கொடுத்திருந்த லெமன் சாதத்தைப் பையிலிருந்து எடுத்து அக்காவிடம் நீட்டினான். மூன்று தட்டில் போட்டாள். உப்பு கம்மி என்றாள். யாரும் மறுக்கவில்லை.