பக்கப்பிடி

என் மகன் போன மாதம் வயர் இல்லாத ட்ரில்லிங் மிஷின் ஒன்று வாங்கி வந்தான். பேட்டரியில் ஓடுவது. ஒரே கையில் தூக்கிவிடலாம். பெட்டிக்குள் கறுப்பாக ஒரு பிடி தனியே கிடந்தது. மிஷினின் கழுத்தில் பக்கவாட்டில் மாட்டுவது. அவன் அதைத் தொடவே இல்லை. “இத்த ஏன்டா மாட்டல?” என்றேன். “பேஜாரு நைனா, எங்க போனாலும் இடிச்சிக்கினே இருக்கும்” என்றான். அந்தப் பிடியைக் கையில் எடுத்தேன். ஸ்டோர்காரர் ஞாபகம் வந்துவிட்டது.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் கம்பெனி ஷெட்டுகள் எழும்பிக்கொண்டிருந்தன. நான் ஒரு காண்டிராக்டரிடம் இரும்பில் துளை போடுகிறவன். காலையில் மிஷினை எடுத்துக் கொடுப்பவர் ஸ்டோர்காரர். திருவள்ளூரிலிருந்து இரண்டு ரயில் மாறி வருவார். அப்பாவும் அண்ணனும் கோயில் வேலையில் இருந்தார்கள். இவர் மட்டும் நட்டு போல்ட்டுக்கு வந்துவிட்டார். நெற்றியில் திருமண், விரலெல்லாம் கிரீஸ். என் வயதுதான். நான் அவரைச் சாமி என்பேன். அவர் என்னை நெட்டையா என்பார். அதற்கு மேல் பெரிய பேச்சு எங்களுக்குள் கிடையாது.

அந்தக் காலத்து மிஷின் கனம். பொழுதுக்கும் சுவிட்சை அமுக்கினால் விரல் மரத்துப்போகும். அதனால் சைக்கிள் ட்யூபைக் கீற்றாக வெட்டிச் சுவிட்சின் மேல் சுற்றிக் கட்டிவிடுவோம். மிஷின் தானாக ஓடும். பிடித்துக்கொண்டால் போதும். எல்லோரும் செய்ததுதான், நானும் செய்தேன். இரும்பில் துளை மறுபக்கம் வெளிவரும் நேரத்தில் சில சமயம் பிட், அதுதான் துளை போடும் கம்பி, இரும்பில் கடித்துக்கொள்ளும். பிட் நின்றுவிடும், மிஷின் சுற்றும். ஒருநாள் சாரத்தின் மேல் நிற்கும்போது அப்படிக் கடித்தது. சுவிட்சை விட்டேன். விட்டால் நிற்குமா, கட்டியல்லவா வைத்திருந்தேன். மிஷின் கையையும் சேர்த்து முறுக்கியதில் வலது மணிக்கட்டு முறிந்தது. விழாமல் சாரத்தைப் பிடித்துக்கொண்டது பெரிது. எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தேன்.

கை கூடித் திரும்பி வந்த அன்று ஸ்டோர்காரர் மிஷின் தரமாட்டேன் என்றார். “இன்னா சாமி, என்ன சாந்துச் சட்டி தூக்கச் சொல்றீங்களா?” என்றேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். “மிஷினுக்குத் திருமண் இட்டுத்தான் குடுப்பாரு, பொறுத்துக்கப்பா” என்றான் ஒருவன். அவர் சிரிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு மெதுவாகச் சொன்னார். “அன்னிக்கு ட்யூப் கட்டியிருந்தத நான் பாத்தேன்யா. பாத்துட்டுத்தான் எடுத்துக் குடுத்தேன்.” நான் போய்ச் சட்டி தூக்கினேன்.

அடுத்த சில நாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் ஒரு மிஷினோடு மல்லாடிக்கொண்டிருந்தார். அதன் கழுத்தில் துளை போட்டு மரை வெட்டி, சாண் நீளத்துக்கு ஒரு குழாயை முடுக்கினார். தானே ஓட்டிப் பார்த்தார். கடித்ததும் குழாய் அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. கையை உதறிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். என்னை நிற்கவைத்து, தோளையும் முழங்கையையும் நூல்கயிற்றால் தையற்காரர் மாதிரி அளந்தார். “நெட்டையா, பிடி குட்டையா இருந்தா மிஷின் ஜெயிக்கும். நீளமா இருந்தா நீ ஜெயிப்ப” என்றார். முழங்கை நீளத்தில் வேறு குழாய் போட்டார். நுனியில் தன் சைக்கிளின் ரப்பர் பிடியைக் கழற்றி மாட்டினார். சுவிட்சில் இருந்த ட்யூபை அறுத்து எறிந்தார்.

மறுநாள் எஞ்சினியர் பார்த்துவிட்டார். “கம்பெனி மிஷின்ல ஓட்டை போட யாருய்யா சொன்னது? சாவிய வெச்சுட்டு ஊட்டுக்குப் போ” என்றார். ஸ்டோர்காரர் சாவிக்கொத்தை மேசையில் வைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. “சார், நான் புடிக்கிறேன். வேணும்னே கடிக்க வெக்கிறேன். மிஷின் கைய விட்டுப் போச்சுன்னா ரெண்டு பேரும் ஊட்டுக்குப் போறோம்” என்றேன். “வேணாம்யா, அந்தக் கை இன்னும் தேறல” என்றார் ஸ்டோர்காரர். தேறியதா என்று எனக்கும் தெரியாது.

தடித்த தகடு ஒன்றைக் கட்டிவைத்தார்கள். பாதிக்கு மேல் போனதும் உடம்பின் கனம் முழுவதையும் போட்டு அழுத்தினேன். கடித்தது. மிஷின் உதறியது. குழாயைப் பிடித்திருந்த இடது கை கொஞ்சம் போய் நின்றுவிட்டது. வலது கை விரலைச் சுவிட்சிலிருந்து எடுத்தேன். ஓசை அடங்கியது. மிஷின் என் கையில்தான் இருந்தது.

எஞ்சினியர் குழாயை ஆட்டிப் பார்த்தார். “எல்லா மிஷினுக்கும் போடு” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். சாவியை எடுத்துக்கொள் என்று சொல்லவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஸ்டோர்காரர் அதை வாங்காமல் என் வலது மணிக்கட்டைப் பிடித்தார். “வலிக்கறதா?” என்றார். “இல்ல சாமி” என்றேன். அதற்கப்புறம் பத்து நாள் அந்தக் கையால் சோறு பிசைய முடியவில்லை. அவர் பார்க்கும் இடத்தில் நான் சாப்பிடவில்லை.

அவர் இப்போது இல்லை. மகனிடமிருந்து மிஷினை வாங்கி அந்தக் கறுப்புப் பிடியை மாட்டினேன். ஒரு இரும்புத் துண்டில் வைத்து, வேண்டுமென்றே அழுத்தினேன். கடித்தது. உதறியது. நின்றது. மகன் பயந்துபோய் ஓடிவந்து என் கையைப் பிடித்தான். “இன்னா நைனா இந்த வயசுல, வலிக்குதா?”

“இல்லடா” என்றேன். இந்தத் தடவை அது நிஜம்.