அண்ணியின் முகம்

சின்ன வெள்ளை டப்பா அது. மேலே பெயரோ, செய்தவர் முகவரியோ கிடையாது. திறந்தால் மல்லிகை வாசம் வரும். ஓசூரில் எங்கள் தெருமுனையில் பியூட்டி பார்லர் வைத்திருந்த அக்கா அதை என் அண்ணிக்குக் கொடுத்திருந்தார். அண்ணி ராயக்கோட்டைக்காரர். தொழிற்பேட்டையில் உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. காலை ஷிஃப்ட் முடிந்து உச்சி வெயிலில் ஸ்கூட்டியில் வருவார். இரண்டு கன்னத்திலும் மங்கு படர்ந்திருந்தது. க்ரீம் போட்ட சில வாரங்களில் மங்கு மறைந்து முகம் வெளுத்தது. என் அம்மாவுக்குத்தான் அதில் பெரிய சந்தோஷம். "இப்பதான் லட்சணமா இருக்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார்.

கோடை முற்றியபோது ஒருமுறை டப்பா தீர்ந்துபோய், நாலைந்து நாள் அண்ணி க்ரீம் போடவில்லை. முகம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் சிவந்துவிட்டது. பொடிப்பொடியாகக் கட்டிகள். அடுப்படியில் நின்றால்கூட எரிச்சல். கிருஷ்ணகிரி தோல் டாக்டர் பார்த்ததும் சொல்லிவிட்டார்: "இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும்மா. தோலே மெலிஞ்சுபோச்சு. இத்தோட நிறுத்துங்க. கொஞ்ச மாசம் இன்னும் மோசமாத்தான் தெரியும். பொறுத்துக்கிட்டா சரியாகும்."

அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். அம்மா கையைப் பிசைந்தார். "கல்யாணம் முடியுற வரைக்கும் மட்டும் போட்டுக்கம்மா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க?"

"நெனைச்சுட்டுப் போகட்டும் அத்தை. எரியறது எனக்குதானே?"

அன்று சாயங்காலம் என் அலமாரியிலும் அதே டப்பாவை அண்ணி பார்த்துவிட்டார். கல்யாணப் பெண்ணுக்கு முகம் பளிச்சென்று இருக்கட்டும் என்று பார்லர் அக்கா கொடுத்தது. நான் இன்னும் திறக்கவில்லை. அண்ணி என்னைத் திட்டவில்லை. டப்பாவை ஒரு கையிலும் என்னை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு கிளம்பினார். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொள்ளச் சொன்னேன். "மூடறதுக்கா போறேன்?" என்றார்.

பார்லரில் கூட்டம். அண்ணி விளக்கு வெளிச்சத்தில் போய் நின்றார். "அக்கா, இதுல என்ன கலந்திருக்குன்னு இவங்க எல்லாருக்கும் சொல்லுங்க."

"உன் உடம்புச் சூடும்மா. எல்லாருக்கும் நல்லாத்தானே இருக்கு?"

"அப்ப உங்க முகத்துல ஏன் போட மாட்டேங்கிறீங்க?"

பார்லர் அக்கா திரும்பிச் சீப்பைத் துடைக்க ஆரம்பித்தார். தலைக்கு மருதாணி வைத்துக்கொண்டிருந்த கன்னடக்கார அம்மா எழுந்து வந்து, "ஏனாய்த்தம்மா, என்ன ஆச்சு?" என்று கேட்டார். அண்ணி அவருக்குக் கன்னடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மா தன் பையிலிருந்து அதே மாதிரி டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். என் கல்யாண அலங்காரத்துக்குப் பார்லர் அக்கா வர வேண்டாம் என்று நானும் அங்கேயே சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு அண்ணியின் அழகுக் குறிப்பெல்லாம் கொஞ்சம்தான். பச்சைத் தண்ணீரில் முகம் கழுவுவது, டாக்டர் எழுதிக் கொடுத்த சன்ஸ்கிரீன், வெளியே போனால் குடை. தலைமுடி காய்ந்த பிறகுதான் கம்பெனித் தொப்பி. எலுமிச்சையும் தக்காளியும் தேய்க்கச் சொன்னவர்களிடம், "அதை ரசத்துல போடுங்க" என்று சொல்லிவிடுவார்.

கல்யாணத்தன்று முகம் இன்னும் செக்கச்செவேலென்றுதான் இருந்தது. ஆரத்தித் தட்டை வேறு யாராவது எடுக்கட்டும் என்று அம்மா கிசுகிசுத்தார். அண்ணிதான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் மணமேடையிலிருந்து இறங்க மாட்டேன் என்றேன். அண்ணி நிமிர்ந்து வந்தார். மாப்பிள்ளையின் பெரியம்மா, "முகத்துக்கு என்னம்மா?" என்று கேட்டார். "வெளுக்க ஆசைப்பட்டு வாங்கிக்கிட்டது பெரியம்மா. இப்ப விட்டுட்டேன்" என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டு, சிரித்தபடி ஆரத்தி சுற்றினார்.

ஆல்பம் போடும்போது போட்டோக்காரர், "எல்லாருக்கும் பண்ணின மாதிரி கம்ப்யூட்டர்ல உங்க முகத்தையும் சரி பண்ணிடறேன்" என்றார். "தொடாதீங்க, அப்படியே இருக்கட்டும்" என்று அண்ணி சொல்லிவிட்டார்.

இப்போது அவருடைய எரிச்சல் அடங்கிவிட்டது. மங்கு திரும்பிவிட்டது. அதோடுதான் வேலைக்குப் போகிறார், அதோடுதான் சூப்பர்வைசரும் ஆகியிருக்கிறார். ஆல்பத்தை எடுத்துப் பார்த்தால் அம்மா, அண்ணன், நான், மாப்பிள்ளை எல்லோரும் ஒரே வெளுப்பில், மாவு பூசிய பொம்மைகள் மாதிரி நிற்கிறோம். பார்க்க வருகிறவர்கள் எங்களை யார் யார் என்று விசாரிக்கிறார்கள். அண்ணியை மட்டும் யாரும் கேட்பதில்லை. பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது.