தொட்டியில் மிதக்கும் ஐஸ் பை

ராஜபாளையம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சர்பத் கடை. சித்திரை வெயிலில் கரண்டும் இல்லை. கண்ணாடித் தொட்டியில் தங்கமீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. கடைக்கார அக்கா, சர்பத்துக்கு உடைத்த ஐஸில் ஒரு கை அள்ளிப் பாலிதீன் பையில் கட்டித் தொட்டியில் மிதக்கவிடுகிறார்.

"தண்ணி சுட்டா இதுக தாங்காது தம்பி. நீங்க எங்கிட்டிருந்து வாரீக?"

தூத்துக்குடிக் கடலில் முங்கிப் பவளப்பாறைகளைப் படமெடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, போனில் காட்டுகிறேன்.

"ஆத்தி! வெள்ளை வெளேர்னு எம்புட்டு அழகு!"

காலையிலிருந்து இப்படிச் சொல்லும் மூன்றாவது ஆள் இவர். எனக்கு எரிச்சலாக வருகிறது.

"அழகு இல்லக்கா. போன மாசம் இது பழுப்பும் பச்சையுமா இருந்துச்சு. கடல் சூடாகி வெளுத்துப்போச்சு. இன்னும் உயிர் இருக்கு. சீக்கிரம் தண்ணி குளுந்தா பொழைச்சுக்கிரும்."

"குளுரலைன்னா?"

மழைமேகம் கூடுகிறதா என்று நான் மலைப்பக்கம் பார்க்கிறேன். காலையிலிருந்து இதே வேலைதான். ஒரு மேகம்கூட இல்லை.

தொட்டியில் மீன்கள் ஒவ்வொன்றாக அடிக்கு இறங்குகின்றன. ஆனால் பையில் ஐஸ் அதற்குள் கரைந்துவிட்டது. அக்கா அதை அவிழ்த்துக் கொட்டிவிட்டு, புது ஐஸ் கட்டுகிறார். முடிச்சுப் போட்ட கை அப்படியே நிற்கிறது.

"செத்த நேரத்துக்கு ஒருக்கா இதுகளுக்கு நான் போட்டுருதேன். அம்புட்டுக் கடலுக்கு யாரு தம்பி போடுவா?"